செக்‌ஷனிலிருந்து சி.ஓ. வரை: காலாட்படையில் புதிதாகச் சேர்பவருக்கு ஒரு வழிகாட்டி

ராணுவத்துக்குத் தேர்வான பையன்கள் பெரும்பாலும் ஓட்டம், கயிறு ஏறுதல், துப்பாக்கி இவற்றைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். பயிற்சி முடிந்து பட்டாலியனில் போய் நின்ற பிறகு வேறொரு திண்டாட்டம் தொடங்குகிறது. இங்கே யார் யார், ஒரு உத்தரவு எங்கிருந்து வருகிறது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால் லீவுக்கு யார் முன்னால் போய் நிற்பது? இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. அடிபட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அக்னிவீரராகப் போகிறவர், பரங்கிமலை ஓ.டி.ஏ. என்கிற அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்குத் தயாராகும் பட்டதாரி, பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் பெற்றோர், மூவரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்டிருப்பது இந்தியக் காலாட்படையின் பட்டாலியன். படிக்கும் வழி கீழேயிருந்து மேலே. ஜெனரலில் தொடங்கி இறங்கினால் கட்டங்களும் கோடுகளும்தான் மனதில் நிற்கும், மனிதர்கள் தெரிய மாட்டார்கள்.

முதல் படி: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பத்துப் பேர் சேர்ந்தது ஒரு செக்‌ஷன். அதற்குத் தலைவர் ஒரு ஹவில்தார், அவருக்கு அடுத்தவர் ஒரு நாயக். மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் ஒரு பிளட்டூன். மூன்று பிளட்டூன் சேர்ந்தால் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர். பட்டாலியனில் இப்படி நாலு ரைபிள் கம்பெனிகள்: ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா. இவற்றோடு 81 மி.மீ. மோர்ட்டாரும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையும் வைத்திருக்கும் சப்போர்ட் கம்பெனி ஒன்று. வயர்லெஸ், வண்டிகள், ஸ்டோர், சமையல் எல்லாவற்றையும் சுமக்கும் ஹெட்குவார்ட்டர் கம்பெனி ஒன்று. மொத்தம் ஏறக்குறைய 800 பேர்.

பிளட்டூன்களுக்குப் பட்டாலியன் முழுவதும் தொடர் எண். ஆல்ஃபாவில் 1, 2, 3. பிராவோவில் 4, 5, 6. சார்லியில் 7, 8, 9. டெல்டாவில் 10, 11, 12. '8-ம் பிளட்டூன்' என்று யாராவது சொன்னால் அது சார்லி கம்பெனியின் நடுப் பிளட்டூன் என்று உடனே தெரிய வேண்டும். யார் கேட்டாலும் செக்‌ஷன், பிளட்டூன், கம்பெனி என்று தடுமாறாமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

ரெஜிமென்ட் என்ற சொல்லில்தான் பலரும் குழம்புகிறார்கள். காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது குலப்பெயர் மாதிரி. மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758-லிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது. அதன் பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. பட்டாலியன்கள் பல உண்டு. ஆனால் அந்தப் பட்டாலியன்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே களத்துக்குப் போவதில்லை. ஒன்று காஷ்மீரில் இருக்கும், இன்னொன்று ராஜஸ்தானில் இருக்கும். வேலை, சண்டை, சாப்பாடு எல்லாம் பட்டாலியனோடுதான். டாங்கிப் படையிலும் பீரங்கிப் படையிலும் கதை வேறு. அங்கே ரெஜிமென்ட் என்பதே சண்டைக்குப் போகும் யூனிட்; டாங்கிகளில் அதற்குக் கீழே ஸ்குவாட்ரன், பீரங்கிகளில் பாட்டரி.

ஒருவருக்கு இரண்டு பெயர் இருப்பதும் உண்டு. மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர். 2014 ஏப்ரலில் ஷோபியானில் வீரமரணம் அடைந்தபோது அவர் இருந்தது 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸில். ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் பட்டாலியன்களில் நேரடியாக ஆள் எடுப்பதில்லை. மற்றப் படைப்பிரிவுகளிலிருந்து சில ஆண்டுகளுக்கு வந்து வேலை செய்துவிட்டுத் தாய் யூனிட்டுக்குத் திரும்புவார்கள். செய்தியில் இரண்டு பெயர் வந்தால் ஒன்று தாய்வீடு, மற்றொன்று அப்போது பணியாற்றிய இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கையையும் தோளையும் பார்க்கப் பழகுங்கள்

கையில் வி வடிவப் பட்டை ஒன்று என்றால் லான்ஸ் நாயக், இரண்டு என்றால் நாயக், மூன்று என்றால் ஹவில்தார். தோளில் நட்சத்திரமோ சிங்க முத்திரையோ இருந்தால் அவர் ஜே.சி.ஓ.வாகவோ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர், சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் நடுவில் உள்ள பதவி) அதிகாரியாகவோ இருப்பார். இங்கேதான் கவனம் வேண்டும். சுபேதாருக்கும் இரண்டு நட்சத்திரம், லெப்டினன்ட்டுக்கும் இரண்டு நட்சத்திரம். சுபேதார் மேஜருக்கும் சிங்க முத்திரை, மேஜருக்கும் சிங்க முத்திரை. நட்சத்திரத்தோடு குறுக்கே ஒரு வண்ணப் பட்டை இருந்தால் அவர் ஜே.சி.ஓ.: ஒரு நட்சத்திரம் நாயிப் சுபேதார், இரண்டு சுபேதார், சிங்கம் சுபேதார் மேஜர். பட்டை இல்லாவிட்டால் அதிகாரி: இரண்டு லெப்டினன்ட், மூன்று கேப்டன், சிங்கம் மட்டும் மேஜர், சிங்கமும் ஒரு நட்சத்திரமும் லெப்டினன்ட் கர்னல், சிங்கமும் இரண்டு நட்சத்திரமும் கர்னல். கர்னலிலிருந்து மேலே காலரில் சிவப்புத் துண்டும் சேரும்.

மூன்றாம் படி: உங்கள் ஹவில்தாரை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் வருடத்தில் உங்கள் வாழ்க்கையை நடத்துவது கர்னல் இல்லை, மேஜரும் இல்லை. செக்‌ஷன் கமாண்டர்தான். உங்கள் ரைபிள் சுத்தமாக இருக்கிறதா, பூட்ஸ் காலைக் கடிக்கிறதா, ராத்திரி சென்ட்ரி டியூட்டியில் எத்தனை மணிக்கு மாறுகிறீர்கள், வீட்டுக்குப் பணம் அனுப்பினீர்களா என்பதுவரை அவருக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் அவர் நல்ல செக்‌ஷன் கமாண்டர் இல்லை.

களத்தில் செக்‌ஷன் இரண்டாகப் பிரியும். எல்.எம்.ஜி. என்கிற இலகு எந்திரத் துப்பாக்கியை வைத்திருக்கும் சிறு குழு ஒரு பக்கம், ரைபிள்காரர்கள் மறுபக்கம். பெரும்பாலும் எல்.எம்.ஜி. குழுவை நாயக் பார்த்துக்கொள்வார், ரைபிள்காரர்களோடு ஹவில்தார் முன்னேறுவார். ஒரு குழு சுட்டு எதிரியின் தலையைத் தூக்கவிடாமல் செய்யும், அந்த நேரத்தில் மற்றது நகரும். காலாட்படையின் போர்முறை முழுவதற்கும் விதை இதுதான். பிளட்டூனும் கம்பெனியும் செய்வது இதையே பெரிய அளவில்.

இதோடு 'பட்டி' (buddy, கூட்டாளி) என்ற ஏற்பாடும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருப்பார். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் மேலே சொல்ல வேண்டியவர் மற்றவர். உங்கள் பட்டி பஞ்சாபியாகவோ மலையாளியாகவோ இருக்கலாம். அவருடைய வீட்டு விவரம், ரத்த வகை இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மொழியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ராணுவத்தின் பொதுப் புழக்கம் இந்தியில்தான், பயிற்சி மையத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். புத்தகத்தில் படிப்பதைவிடப் பட்டியோடு பேசிப் பழகினால் சீக்கிரம் வரும்.

நான்காம் படி: ஜே.சி.ஓ. என்பவர் ஏன் அவ்வளவு முக்கியம்

நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற இந்தப் படிநிலை பல நாட்டு ராணுவங்களில் கிடையாது. வெள்ளைக்கார அதிகாரிக்கும் இந்தியச் சிப்பாய்க்கும் நடுவில் ஆள் வேண்டும் என்ற தேவையில் வளர்ந்த பதவி இது. இன்று அதிகாரியும் இந்தியர்தான். ஆனாலும் இந்தப் பதவி இல்லாமல் பட்டாலியன் ஒரு நாள்கூட ஓடாது என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் எளிது. அதிகாரிகள் வருவார்கள், போவார்கள். படிப்பு, தலைமையக வேலை, பயிற்சி மையம் என்று இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை இடம் மாறுவார்கள். பட்டாலியனின் தலைவரான சி.ஓ.வின் (கமாண்டிங் ஆபீசர்) காலமே சுமார் இரண்டு, இரண்டரை வருடம்தான். ஜே.சி.ஓ. அப்படி இல்லை. அதே பட்டாலியனில் சிப்பாயாக நுழைந்து, பட்டை ஒவ்வொன்றாக வாங்கி, அங்கேயே பென்ஷன் வரை இருப்பார். எந்தச் சிப்பாயின் அண்ணன் இதே கம்பெனியில் இருந்தான், யாருக்கு எந்த மலையில் மூச்சு வாங்கியது, போன முறை அந்தப் போஸ்ட்டில் தண்ணீர் எங்கிருந்து எடுத்தோம், எல்லாம் அவர் தலையில் இருக்கிறது.

புத்தகத்தில் கம்பெனிக்கு மூன்று பிளட்டூன். சிலவற்றை இளம் அதிகாரி நடத்தலாம். நடைமுறையில் கம்பெனியில் ஒரே ஒரு அதிகாரி இருப்பதும், எல்லாப் பிளட்டூன்களையும் ஜே.சி.ஓ.க்களே நடத்துவதும் சாதாரணம். இதன் உச்சமான உதாரணம் ரெசாங் லா. 1962 நவம்பர் 18, லடாக்கில் சுஷூலைக் காக்கும் கணவாய். 13 குமாவுன் பட்டாலியனின் சார்லி கம்பெனி, ஏறக்குறைய 120 பேர், பெரும்பாலும் ஹரியானா பக்கத்து அஹிர் சமூகத்தவர். 7, 8, 9 என்று மூன்று பிளட்டூன், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜமேதார் (அந்தப் பதவிதான் 1965-ல் நாயிப் சுபேதார் ஆனது). மொத்தக் கம்பெனிக்கும் ஒரே அதிகாரி, மேஜர் ஷைத்தான் சிங். நடுவில் மலை மறைத்ததால் நம் பீரங்கிகளின் உதவி கிடைக்கவில்லை. பிளட்டூன்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருந்தன. மேஜரால் ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் இருக்க முடியாது. அவர் ஒரு பிளட்டூனிலிருந்து இன்னொன்றுக்கு, குண்டு பறக்கும் வெட்டவெளியில் போய்க்கொண்டே இருந்தார். அவர் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பிளட்டூன் ஜமேதாரின் கையில் இருந்தது. அங்கிருந்து மிகச் சிலரே உயிரோடு திரும்பினார்கள். காயம்பட்ட மேஜர் தன்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். 1963 பிப்ரவரியில்தான் அவர் உடல் கிடைத்தது. அவருக்கு பரம்வீர் சக்கரம். ஆயுதத்தைப் பிடித்த கையோடு பதுங்குகுழிகளில் உறைந்துகிடந்த சிப்பாய்களைப் பார்த்துத்தான், தங்கள் ஜமேதார்களின் கீழ் அவர்கள் கடைசிவரை நின்றார்கள் என்பது நாட்டுக்குத் தெரிந்தது. கம்பெனி எப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஐந்தாம் படி: கம்பெனி அலுவலகத்தில் யார் என்ன செய்கிறார்

கம்பெனி கமாண்டர் பொதுவாக மேஜர். அவருக்கு வலதுகை, கம்பெனியின் மூத்த ஜே.சி.ஓ. அதற்குக் கீழே இரண்டு ஹவில்தார்களை நீங்கள் தினமும் சந்திப்பீர்கள். ஒருவர் சி.எச்.எம்., அதாவது கம்பெனி ஹவில்தார் மேஜர். ஒழுங்கு, டியூட்டிப் பட்டியல், மாலை ரோல்கால் எல்லாம் இவர் கையில். இன்னொருவர் சி.க்யூ.எம்.எச்., அதாவது கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். உடுப்பு, படுக்கை, ரேஷன், ஸ்டோர் இவருடையது. கம்பளி கிழிந்தால் இவரிடம், டியூட்டி மாற்ற வேண்டுமென்றால் அவரிடம். இருவரையும் மாற்றிக் கேட்டால் யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள், ஆனால் உங்கள் வேலை நடக்காது.

கம்பெனி என்றால் 120 பேர் என்றேன். காலை பரேடில் நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள், ஒருநாளும் 120 வராது. லீவில் சிலர், கோர்ஸில் சிலர், ஆஸ்பத்திரியில் ஒருவர், காவல் டியூட்டியில் ஒரு செக்‌ஷன், தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டவர் சிலர். இருப்பவர்களை வைத்து இல்லாதவர்களின் வேலையையும் முடிப்பதுதான் சி.எச்.எம்.மின் அன்றாடத் தலைவலி. உங்களுக்கு ஏன் அடுத்தடுத்து டியூட்டி விழுகிறது என்பதற்குப் பெரும்பாலும் விடை இதுதான்.

ஆறாம் படி: உத்தரவு எப்படி இறங்குகிறது

ஒரு வேலை வந்தால் சி.ஓ. தன் கம்பெனி கமாண்டர்களை அழைத்துச் சொல்வார். அவர்கள் பிளட்டூன் கமாண்டர்களுக்கு, அவர்கள் செக்‌ஷன் கமாண்டர்களுக்கு, கடைசியில் ஹவில்தார் உங்கள் பத்துப் பேருக்கு. ஒவ்வொரு மட்டத்திலும் உத்தரவுக்கு ஒரே வார்ப்பு: நிலவரம், நோக்கம், செய்யும் முறை, சாப்பாடு-குண்டு-காயம்பட்டோர் ஏற்பாடு, யார் எங்கே இருப்பார் எப்படித் தொடர்புகொள்வது. நோக்கத்தை மட்டும் இரண்டு முறை சொல்வார்கள். மற்ற எதை மறந்தாலும் அதை மறக்கக் கூடாது.

இதற்காகத் தரையில் சாண்ட் மாடல் கட்டுவார்கள். மண்ணைக் குவித்து மலை, குழித்து நாலா (ஓடை), சுண்ணாம்புப் பொடியில் பாதை, சுள்ளிகளில் காடு, கயிறு கட்டி வரைபடத்தின் கட்டங்கள். ஹவில்தார் ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு, 'இங்கே நாலா, இங்கே நம் எல்.எம்.ஜி., இந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் நீ' என்று காட்டுவார். உங்களைச் சுட்டி 'நீ எங்கே?' என்று திருப்பிக் கேட்பார். கடைசியில் 'கோயி ஷக்?' என்பார். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் கேட்டுவிடுங்கள். புதியவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வது இந்த நிமிடத்தில்தான். இருட்டில், மலைச்சரிவில், அந்தச் சந்தேகம் உங்களோடு சேர்ந்து பத்துப் பேரையும் இழுக்கும்.

'எனக்கு ஏதாவது ஆனால் நாயக், அவருக்குப் பிறகு இவர்' என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கும். கார்கிலில் தோலோலிங் மலைக்காக 18 கிரெனேடியர்ஸ் போராடியபோது 1999 மே 30 அன்று மேஜர் ராஜேஷ் அதிகாரி வீழ்ந்தார். அடுத்து, ஜூன் தொடக்கத்தில், பட்டாலியனின் டூ-ஐ-சி, அதாவது இரண்டாம் நிலைத் தலைவரான லெப்டினன்ட் கர்னல் விஸ்வநாதனே தாக்குதலில் முன்னே போய் உயிர்விட்டார். அதே மே மாதம் பட்டாலிக் பகுதியில் 1 பீகார் பட்டாலியனோடு முன்னேறி வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணனை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாரிசு வரிசை காகிதச் சடங்கு இல்லை என்பது இந்தப் பெயர்களைப் பார்த்தால் விளங்கும்.

ஏழாம் படி: உங்கள் குறையை எப்படி மேலே கொண்டுபோவது

லீவோ, பணமோ, வீட்டு வழக்கோ, உடம்போ, எதுவானாலும் முதலில் செக்‌ஷன் கமாண்டரிடம். அவர் பிளட்டூன் ஜே.சி.ஓ.விடம், அங்கிருந்து சி.எச்.எம். வழியாக மூத்த ஜே.சி.ஓ., அப்புறம் கம்பெனி கமாண்டர். கம்பெனி கமாண்டரை நேரில் பார்க்க 'இன்டர்வியூ' கேட்டால் ஏற்பாடு செய்து தருவார்கள். வரிசையைத் தாண்டி நேரே மேஜரிடம் போனால் உங்கள் ஹவில்தாருக்கு விஷயம் தெரியாமல் போகும். அவருக்குத் தெரியாவிட்டால் அவர் உங்களுக்காகப் பேசவும் முடியாது.

சரி, வரிசையில் இருப்பவரே அநியாயம் செய்தால்? அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, மேலதிகாரியால் அநீதி நடந்ததாகக் கருதும் சிப்பாய் தன் கம்பெனி கமாண்டரிடம் முறையிடலாம். புகாரே அவர்மீது என்றால் அவருக்கு மேலே இருப்பவரிடம் போகலாம். இது உரிமை. எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதந்தோறும் சைனிக் சம்மேளனம் நடக்கும். சி.ஓ. முழுப் பட்டாலியனையும் உட்காரவைத்துப் பேசுவார். பொதுவான குறைகளை, கேன்டீன், தண்ணீர், குடும்பக் குடியிருப்பு போன்றவற்றை அங்கே எழுந்து சொல்லலாம். சொந்த விஷயத்தை அங்கே எழுப்ப வேண்டாம்.

எட்டாம் படி: சி.ஓ.வும் அவரைச் சுற்றி இருப்பவர்களும்

பட்டாலியனுக்குத் தலைவர் கர்னல் பதவியில் இருக்கும் சி.ஓ. ராணுவத்தில் இதைவிட நெருக்கமான, இதைவிடப் பாரமான பொறுப்பு இல்லை என்றே சொல்வேன். 800 பேரின் பெயரையும் முகத்தையும் ஒருவர் தெரிந்துவைத்திருக்கக்கூடிய கடைசி மட்டம் இது. அதிகாரமும் பெரிது. ஒழுங்குமீறலுக்கு 28 நாள் வரை தண்டனைக் காவலில் வைக்கலாம். சம்மரி கோர்ட் மார்ஷல் என்கிற சுருக்க ராணுவ நீதிமன்றம் நடத்தினால், லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ உள்ள சி.ஓ. ஒரு வருடம் வரை சிறைத்தண்டனை தரலாம். அந்த நீதிமன்றத்தில் ஜே.சி.ஓ.வையும் அதிகாரியையும் விசாரிக்க முடியாது.

அட்ஜுடன்ட் என்ற இளம் கேப்டனோ மேஜரோ ஒழுங்கும் ஆவணங்களும் பார்ப்பார். குவார்ட்டர் மாஸ்டர் பொருள், ரேஷன், உடுப்பு. இவர்கள் எல்லாரையும்விட நீங்கள் கவனிக்க வேண்டியவர் சுபேதார் மேஜர். பட்டாலியனின் மூத்த ஜே.சி.ஓ.; சிப்பாய்களைப் பற்றிய எந்த முடிவுக்கும் சி.ஓ. இவரைக் கேட்காமல் போவது அரிது. கர்னலின் அறைக்குள் போய் 'சாப், இது சரியாக வராது' என்று தனியாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

மேலே உள்ளவை சுருக்கமாகப் போதும். மூன்று பட்டாலியன் அளவில் ஒரு பிரிகேட், தலைவர் பிரிகேடியர். சில பிரிகேட் சேர்ந்து டிவிஷன், மேஜர் ஜெனரல். அதற்கு மேல் கோர், லெப்டினன்ட் ஜெனரல். அதற்கும் மேல் கமாண்டுகள். தமிழ்நாடு வருவது புனேயில் தலைமையகம் உள்ள தெற்குக் கமாண்டில். பிரிகேடியரிலிருந்து எல்லா ரெஜிமென்ட்காரர்களையும் நடத்த வேண்டியிருப்பதால், 2023 ஆகஸ்ட் 1 முதல் அவர்களும் அவர்களுக்கு மேலே உள்ளவர்களும் தங்கள் பழைய ரெஜிமென்ட் அடையாளங்களை விட்டுப் பொதுச் சீருடை அணிகிறார்கள். நல்ல முடிவு.

அதிகாரியாகப் போகிறவருக்குத் தனியாக ஒன்று. லெப்டினன்ட்டாகச் சேர்ந்தவுடன் கொஞ்ச காலம் உங்களைச் சிப்பாய்களோடு பாரக்கில் தங்கவைப்பது காலாட்படை வழக்கம். லங்கரில் (சிப்பாய்களின் சமையற்கூடம்) அவர்களோடு சாப்பிட்டு, அவர்களோடு சென்ட்ரி நிற்க வேண்டும். இதைத் தண்டனையாக நினைக்காதீர்கள். உங்கள் பிளட்டூனில் இருக்கும் சுபேதார், உங்கள் அப்பா வயதுக்காரராக இருக்கலாம். அவர் உங்களுக்கு விறைப்பாக நிற்பார், 'சாப்' என்பார். நீங்களும் அவரை 'சாப்' என்றே அழைக்க வேண்டும். முடிவு உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. ஆனால் முடிவெடுக்கும் முன் அவரைத் தனியாகக் கேளுங்கள், சிப்பாய்கள் முன்னால் ஒருபோதும் அவரைக் கடிந்து பேசாதீர்கள்.

பெற்றோருக்கு: மகனின் ஆர்மி நம்பரை எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். கடிதம் எழுதினால் நம்பர், பதவி, பெயர், கம்பெனி, யூனிட், அதன்பின் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்று எழுத வேண்டும். வடக்கு, மேற்கு என்றால் 56, கிழக்கு என்றால் 99. மகன் இருக்கும் ஊர்ப் பெயரை உறையிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ போட வேண்டாம். அவனோடு தொடர்பு விட்டுப்போனாலோ, ஆவணம், நாமினி, பென்ஷன் என்று எது தேவைப்பட்டாலோ ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது வெலிங்டனில் இருக்கிறது. கடிதத்தின் முதல் வரியில் ஆர்மி நம்பர் இருக்கட்டும்.